ஈரப்பதம் அண்ணனும் என் வண்டியின் பிரேக்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிழைப்பது நன்னிலத்தில் பழைய சாக்கு வியாபாரம். புறம் பேசுவது பாவம் என்ற பயம் ஒரு பக்கம், அவரே படித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

அல்லாஹ் படைத்த மனிதர்களில் என் பொறுமையை இந்த அளவுக்குச் சோதித்தவர் வேறு யாரும் கிடையாது. என் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் பெயர் ஈரப்பதம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், ஊரில் யாருக்கும் தெரியாது. என் கடையை ஒட்டிய அரிசி ஆலைக்கு வரும் நெல்லை வாங்கலாமா என்று பார்ப்பது அவர் வேலை. மூட்டைக்குள் கையை விட்டு, ரெண்டு நெல்லைக் கடித்துத் துப்பி, "ஈரப்பதம் ஜாஸ்தி" என்பார். ஆலையோடு விட்டாரா? என் மகள் நிக்காஹ் பிரியாணியை ஒரு வாய் வைத்தும் அதையே சொன்னார். சமையல்காரர் கரண்டியை ஓங்கிவிட்டார்.

ஒருநாள் வந்து சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து என் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், சென்னைக்குப் பக்கத்துல ரேஸ் டிராக் இருக்குல்ல? ரேஸ் இல்லாத நாள்ல நம்மள மாதிரி ஆளும் ஓட்டலாமாம். ஆலை முதலாளி மருமகன் எனக்கும் சேத்துப் பதிஞ்சுட்டாரு."

"சந்தோஷம்ணே. போயிட்டு வாங்க."

"என்கிட்ட மொபெட்டுதான இருக்கு? அத உள்ள விடமாட்டாங்களாம்."

நான் எழுந்து பைக்கை மறைத்துக்கொண்டு நின்றேன். "இந்த வயசுல எதுக்குண்ணே இதெல்லாம்?"

"இத்தன வருஷமா ஓட்டுறேன், நம்ம ரோட்டுல ஒரு வளைவாச்சும் முழுசா சாஞ்சு திரும்பியிருக்கனா? இந்தப் பக்கம் வாய்க்கா, அந்தப் பக்கம் காயப்போட்ட நெல்லு, நடுவுல மாடு. எதிர்ல ஒண்ணும் வராத ரோட்டுல ஒரே ஒரு தடவ ஓட்டிட்டா போதும் பாய். இருபது நிமிஷம். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

கேட்ட முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை. சாவியைக் கொடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலில் கறிக்கடைக் கோழி மாதிரி என் வண்டியை உரித்து வைத்திருந்தார். கண்ணாடி இல்லை, இண்டிகேட்டர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, சாரி கார்டு இல்லை. ஹெட்லைட் முழுக்க டேப்.

"கண்ணாடி என்ன பாவம்ணே பண்ணுச்சு?"

"விழுந்தா உடைஞ்சு டிராக் பூரா சிதறும் பாய். பின்னாடி வர்றவனுக்கு ஆபத்து. அது சட்டம்."

"ஸ்டாண்டு?"

"சாயும்போது தரையில இடிக்கும்."

"சாரி கார்டு?"

"வெயிட்டு."

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி, "அப்ப நான் எதுலங்க ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்றாள்.

"பஸ்ஸுல போ தங்கச்சி, ரெண்டு வாரம்தான" என்று அவரே பதில் சொன்னார்.

நன்றாகத் திட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஹெட்லைட்டில் நான் ஒட்டியிருந்த மாஷா அல்லாஹ் ஸ்டிக்கரை மட்டும் மறைக்காமல், டேப்பைப் பிளேடால் சுற்றி வெட்டி விட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அது தப்பாகப் போயிற்று. வண்டியை ஆலை எடைமேடையில் ஏற்றி, "ரெண்டு மூட்டையும் கொஞ்சமும்" என்று அறிவித்து, கேரியரையும் கழற்றினார். டயர் சூடாக இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்குமாம். அதற்கென்று கரண்டில் சூடேறும் போர்வை உண்டு என்று போனில் பார்த்திருக்கிறார். இவர் என் சாக்கை எடுத்துப்போய், ஆலையில் அவித்த நெல்லுக்குள் புதைத்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து டயரில் சுற்றினார். டயர் சூடானதோ இல்லையோ, புழுங்கல் வாசத்துக்குத் தெரு ஆடெல்லாம் கூடிவிட்டது. "போ, போ, இது ரேஸ் வண்டி" என்று ஆட்டிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பொறுத்தேன். பிரேக் ஆயில்தான் என் உயிரை எடுத்தது. அதிலும் ஈரப்பதம் ஏறுமாம். காற்றில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம், வேகத்தில் பிடிக்கும்போது சூட்டில் கொதித்துப் பிரேக் பிடிக்காமல் போகுமாம். மெக்கானிக்கிடம் விசாரித்தேன். என் கெட்ட நேரம், அது மட்டும் உண்மை.

பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிதை விட இரண்டு ஆள் வேண்டும். கீழே ஒருவர் நட்டைத் திறந்து மூட வேண்டும், மேலே ஒருவர் லீவரைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். மேலே நான்.

"புடிங்க பாய்... விடாதீங்க, விடாதீங்க... ம், விடுங்க. புடிங்க."

"அண்ணே, அஸர் தொழுகைக்கு நேரமாச்சு."

"ஒரே ஒரு குமிழி பாய். அந்தக் காத்து உள்ள இருந்தா நான் நிக்க மாட்டேன், நேரா மேல போயிருவேன்."

பாங்கு சொன்னதும் அவரே நட்டை இறுக்கி என்னை அனுப்பினார். பள்ளிவாசலில் தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றால், விரல்கள் தானாகப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. அல்லாஹ் மன்னிக்கட்டும். திரும்பி வந்ததும் மறுபடி, "புடிங்க பாய்."

சென்னைக்கு அரிசி ஏற்றிய லாரியில், மூட்டைகளுக்கு நடுவே வண்டியைக் கட்டிக்கொண்டு போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வண்டி என்னுடையது.

அங்கே வாடகைக்குத் தோல் உடுப்பு கொடுத்தார்கள். சின்னச் சாக்கில் நெல்லைத் திணித்துத் தைத்த மாதிரி நின்றார். வண்டியைப் பரிசோதிப்பவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பிரேக்கை அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். ஈரப்பதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்குண்ணே" என்றேன். அவர் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

வேலியோரம் ஓதிக்கொண்டே நின்றேன். முதல் சுற்றில் எல்லாரும் போன பிறகு கடைசியாக வந்தார். வளைவில் என் வண்டி சாய்ந்தது. பத்து வருஷம் அதில் சாக்கு ஏற்றியவன் நான், அதற்கு இப்படிச் சாயத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சுற்றில், அவருக்கு முன்னால் போன ஒரு பையன் வழுக்கி விழுந்து டிராக்கின் நடுவிலேயே கிடந்தான். நேர் பின்னால் இவர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கை வேலிக் கம்பியைப் பிடித்தது. விடவே இல்லை.

திறந்து பார்த்தால் வண்டி நின்றிருந்தது. பையனுக்கு ஒரு முழம் தள்ளி. ஸ்டாண்டு இல்லாத வண்டியை எங்கே நிறுத்துவது? தரையில் அப்படியே போட்டார். என் வண்டியை! போட்டுவிட்டு, நம் ஊரில் ரோட்டில் நெல் காயப்போட்டவர்கள் பஸ்ஸை மறிப்பார்களே, அதேபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிராக்கின் நடுவில் நின்றார்.

சிவப்புக் கொடி ஆட்டி எல்லாரையும் நிறுத்தினார்கள். பையனுக்குத் தோளில் அடி, பெரிதாக ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதிகாரி இவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். டிராக்கில் வண்டியை விட்டு இறங்கவே கூடாதாம், கொடி காட்டத் தனி ஆள் இருக்கிறார்களாம். இனி ஓட்ட வேண்டாம், வெளியே போங்கள் என்றுவிட்டார். இருபது நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை.

"ரெண்டு வாரம் என் உயிர எடுத்தீங்களே! எதுக்குண்ணே இறங்குனீங்க?" என்று கத்தினேன்.

"பையன் அசையல பாய்" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "ஆனா நீங்க புடிச்ச பிரேக்கு... நின்னுச்சு பாத்தீங்களா?" என்றார். அப்புறம் உடுப்பைக்கூடக் கழற்றாமல், மற்றவர்கள் மறுபடி ஓட்டுவதை வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஊரில் இப்போது அவர் கோப்பை வாங்கியதாகச் சிலரும், கால் உடைந்து வந்ததாகச் சிலரும் சொல்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றரைச் சுற்று ஓட்டினார், நிறுத்தினார், இறங்கினார். வண்டியைத் தரையில் போட்டதில் டேங்கில் விழுந்த கீறலையும் விட்டுவிடாதீர்கள். பெயிண்ட் அடித்துத் தரட்டுமா என்று அவரும் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான்தான் தொட விடுவதில்லை.