பெர்னடெற்றின் பெரிய டிரம்

ஒரு காரியத்தை ஒரு காரியமாக மட்டும் முடித்தால் பாவம் என்று நினைக்கிற இனம் ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலியாண வீட்டுக்குப் போனால், போன மாதம் தகப்பனைப் பறிகொடுத்தவரை அதே மண்டபத்தில் தேடிப் பிடித்து, பந்தியில் பக்கத்தில் அமர்ந்து, வடையைக் கடித்தபடியே துக்கமும் விசாரித்துவிட்டு, இனி அந்த வீட்டுக்குத் தனியாகப் போகத் தேவையில்லை என்று நிம்மதியாக ஏப்பம் விடுவார்கள்.

புலம்பெயர்ந்து சீமையில் செவன் கிங்ஸ் பக்கம் குடியேறிய யேசுரட்ணம் இந்த இனத்தின் தலைமகன். தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் உத்தரவு. ஆனால் தபாலில் போட ஒரு கடிதம் கையில் இல்லாமல் அவர் படியிறங்கமாட்டார். வெறுமனே நடப்பதா? கால் வீணாகிவிடாதா?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மகள் பெர்னடெற்றின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாண்ட் வாத்தியக் குழுவோடு அணிவகுத்து நடக்கும் பிள்ளைகளுக்கு அதுவே தேகப்பயிற்சிப் பாடமாகக் கொள்ளப்படும். புதன்கிழமை மைதானத்துக்கு வரத் தேவையில்லை. யேசுரட்ணம் அதை மூன்று தரம் வாசித்தார். சங்கீதமும் ஆச்சு, தேகப்பயிற்சியும் ஆச்சு, புதன் பின்னேரம் ரியூஷனுக்கும் ஆச்சு! வெள்ளைக்காரருக்குள்ளும் தம் இனத்தவர் இருப்பதை நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளை, புல்லாங்குழலை எடு. பாரமில்லை."

"எனக்குப் பெரிய டிரம்தான் வேணும், அப்பா."

"அதைத் தூக்க உனக்கு ஏலுமே?"

"ஏலும்."

ஓட்டப் போட்டியில் எப்போதும் கடைசியாக வருகிற பிள்ளை அவள். டிரம் அடித்தால் முன்னால் போகிறவர்கள் எல்லாரும் தன் அடிக்குத்தான் கால் வைக்கவேண்டும் என்பதைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஜூன் மாதம் ஊர்வலம். இரண்டு நாளில் இரசாயனப் பரீட்சை. யேசுரட்ணம் சும்மா இருப்பாரா? பாடப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்களை இடித்துத் தள்ளி, நடைபாதை வழியே மகளுக்குச் சமமாக ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"பெர்னா! பொட்டாசியத்துக்கு என்ன குறியீடு?"

"கே!" என்றவளின் கை பிசகியது. நாற்பது சோடிக் கால்கள் தடுமாறின. ஊதுகுழல்காரன் முன்னால் போனவனின் முதுகில் முட்டினான். ஆசிரியர் திரும்பி முறைத்தார். பெர்னடெற்றின் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, ப்ளீஸ். இது ஒண்டையாவது இதாவே இருக்க விடுங்கோ."

அவருக்குச் சுரீரென்றது. வெட்கமாகவும் இருந்தது. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்தார். டிரம் மறுபடி முழங்கியது. அத்தனை கால்களும் அவள் அடிக்கு ஒன்றாக விழுந்தன. கடைசித் தெருவரை மகளை மட்டுமே பார்த்தபடி நடந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு ஒரு காரியம் ஒரு காரியமாகவே முடிந்தது.

கிட்டத்தட்ட.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மெல்லக் கேட்டார்: "பிள்ளை, எல்லாமா எத்தினை மைல் வந்திருப்பம்? டொக்டருக்குச் சொல்லவேணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இதை உரக்க வாசிக்கச் சொன்னால் இன்றைய தமிழ்ப் பாடமும் முடிந்துவிடுமே என்று சற்று முன்னர் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?