அழைப்புப் பெற்ற அப்பா

வேலையை விடுகிறவர்களில் பல ரகம் உண்டு. மேலதிகாரியோடு மல்லுக்கட்டிவிட்டு விடுகிறவன், இக்கரைக்கு அக்கரை பச்சை என்று விடுகிறவன், துரத்திவிட்ட பிறகு 'நானேதான் விட்டேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். இவர்களையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது அழைப்புப் பெற்ற அப்பாவைப் பற்றி. இரண்டு பிள்ளைகள், திருச்சபையில் மூன்றாவது வரிசையில் நிரந்தர இடம், பம்பு செய்யும் ஆலையில் பதினான்கு வருஷ ஸ்டோர் கீப்பர் உத்தியோகம், இத்தனையும் கைவசம் இருக்க, சோப்புத் தொழில் செய்யும்படி ஆண்டவரே தன்னைக் கூப்பிட்டுவிட்டதாக ஒருநாள் கண்டுபிடிப்பான். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் இவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

இவன் தானாக எதையும் முடிவு செய்ய மாட்டான். அடையாளம் கேட்பான். 'உமது சித்தமானால் நாளைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கட்டும்' என்பான். கிடைத்தால் சித்தம். கிடைக்காவிட்டால்? எழுந்து நில், புறப்படு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? வருஷ ஆரம்பத்தில் சபையில் ஆளுக்கொன்றாக எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்தச் சீட்டிலும் 'புறப்படு' என்றே இருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கும் அதே சீட்டுதான் வந்தது. அவர் வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ராஜினாமா கொடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சபை முன்னால் சாட்சி சொல்ல எழுந்துவிடுவான். மற்றவர்கள் நடந்ததற்குச் சாட்சி சொல்வார்கள், இவன் நடக்கப்போவதற்குச் சொல்வான். வலையை அப்படியே போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன வேதாகம மீனவரைப் பற்றி நான் உருக்கமாகப் பேசினேன். அவருக்கு வீட்டில் ஒரு மனைவியும், போதாததற்கு மாமியாரும் இருந்ததை விட்டுவிட்டேன். தொழிலுக்கு 'எபெனேசர்' என்று பெயர் வைத்திருப்பதாக அறிவித்தேன். 'இம்மட்டும் உதவினார்' என்று பொருள். அம்மட்டும் ஒரு கட்டிகூட விற்றிருக்கவில்லை. சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அல்லேலூயா சொல்வது சுலபம், சோப்பு வாங்குவதுதான் கஷ்டம்.

வார்த்த சோப்பு நாலு வாரமாவது காய வேண்டும். மகள் படிக்கிற மேசையில் காய்ந்தது. அவள் இஸ்திரி போடும் பலகையில் வீட்டுப்பாடம் எழுதினாள். வீட்டில் தண்ணீர் குடித்தாலும் எலுமிச்சை வாசனை அடித்தது. மனைவி சண்டை போட்டாளா? இந்த ரகத்தின் வீட்டில் மனைவி சண்டை போடுவதில்லை. மாலைக் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்வாள், கணவன் காதில் விழும்படி. "ஆண்டவரே, குளியலறைக் குழாய் ஒழுகுறது உமக்குத் தெரியும். மூணு வாரமா ஒழுகுறதும் உமக்குத் தெரியும்" என்பாள். நான் பக்தியோடு ஆமென் சொல்வேன். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

எட்டாவது மாதம், பீஸ் கட்ட முடியாமல் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாக வேண்டும் என்ற நிலைமை வந்த அதே வாரம், பழைய மேனேஜர் கூப்பிட்டார். என் இடத்துக்கு வந்தவர் நிலைக்கவில்லையாம், வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அந்த நாற்காலி எனக்கே என்றார். எனக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமா முதலில் ஞாபகம் வந்தது? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் சாட்சியைக் கேட்ட சபைதான் ஞாபகம் வந்தது. அன்று மாலை ஜெபத்தில், 'இந்தச் சோதனையிலிருந்து எங்களைக் காத்தருளும்' என்று குரலை உயர்த்தினேன்.

மகள் கண்ணைத் திறந்துவிட்டாள். பத்து வயது.

"அப்பா, வேலையை விடுன்னா அது ஆண்டவர். திரும்பி வான்னு கூப்பிட்டா மட்டும் சாத்தானா?"

நான் மனைவியைப் பார்த்தேன். வழக்கம்போல மேலே மனுப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஆண்டவர்கிட்ட கேட்டீங்க, பாஸ்டர்கிட்ட கேட்டீங்க. பக்கத்துலயே இருக்கேன், என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் தாமதமாகக் கேட்டேன். வேலைக்குப் போகச் சொன்னாள். சோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமைகளில் வார்க்கலாம், பிள்ளைக்கு மேசையைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை மேனேஜருக்குச் சம்மதம் சொன்னேன்.

ஞாயிறன்று அதையும் எழுந்து சொன்னேன். அல்லேலூயா வரவில்லை. வெளியே வரும்போது மட்டும் ஒரு வங்கி குமாஸ்தா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், தேனீ வளர்க்கத் தனக்கு ஓர் அழைப்பு இருப்பதாகக் கிசுகிசுத்தார். வீட்டில் கேட்டீர்களா என்றேன். அவசரமாகச் செருப்பைத் தேடினார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதை வாசிக்கும்போதே, 'நம்ம யோசனை சோப்பு மாதிரி இல்லை, இது வேற' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டிருந்தால், தயவுசெய்து எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தானே இதுவரை கேட்காமல் இருக்கிறீர்கள்?