அம்மை வார்த்த விமானம்

தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதில் ஊதாங்குழலாருக்கு ஈடான ஆளை, பிரெஞ்சு இந்தியா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்களுக்காவது அந்தக் காரியத்துக்கு ஒரு பங்காளியோ பகையாளியோ வேண்டும். இவருக்கு அந்தச் செலவும் இல்லை. வாய் ஒன்றே போதும். அதிலும் ஒரே ஓர் எழுத்து போதும் என்பதைக் கண்ணால் கண்ட சாட்சி நான்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அவர் படம் வரைபவர். நான் பிரெஞ்சைத் தமிழாக்கியும் தமிழைப் பிரெஞ்சாக்கியும் வயிறு கழுவிய குமாஸ்தா. ஏரி, மதகு, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது அவர் வேலை. அதற்கு வண்ணம் ஏற்ற இரண்டு மெல்லிய பித்தளைக் குழல்கள் வைத்திருந்தார். ஒன்றை வண்ணப் புட்டியில் நிறுத்தி, மற்றதை வாயில் வைத்து அதன் நுனிக்குக் குறுக்கே ஊதினால் வண்ணம் பனியாகப் போய்ப் படியும். எந்நேரமும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றதால் ஊரார் வைத்த பேர் ஊதாங்குழல். 'ஆர்' விகுதி என் உபயம்.

பதினோரு வருஷமாக அவர் உத்தியோகம் தற்காலிகம். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம். பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். பெண்ணின் தகப்பனார் வேலை நிரந்தரந்தானே என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார். இவர் பேசாமல் தலையை ஆட்டினால் காரியம் முடிந்தது. ஆட்டமாட்டார். எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று விளக்கமாகச் சொல்லுவார். சொஜ்ஜி ஆறுவதற்குள் இருவரும் தெருவில் இருப்போம். இப்படி மண்ணாடிப்பட்டிலிருந்து அரியாங்குப்பம் வரைக்கும் சூடான சொஜ்ஜியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போதுதான் யுத்தம் எங்கள் பக்கமும் நெருங்கி வந்தது. எதிரி விமானம் நம் பக்கம் வரக்கூடும், ஏரிக்கரையில் வானத்தைக் காவல் பார்ப்பவர்களுக்கு அது அடையாளம் தெரியவேண்டும், ஆகையால் இத்துடன் அனுப்பியுள்ள படத்தைப் பார்த்து மரத்தில் ஒரு விமானம் செய்து, அச்சு அசலாக வண்ணம் பூசி வைக்கவும் என்று பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. எஞ்சினியர் துரையே நேரில் வந்து பார்ப்பாராம். சரியாக அமைந்தால் செய்தவருடைய வேலை நிரந்தரமாக்கப்படும் என்று கடைசி வரி. அந்த வரியை மட்டும் மூன்று தடவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தடவை அவர் கண் கலங்கிவிட்டது.

தச்சர் ஒரு வாரத்தில் முழ நீள விமானத்தைச் செதுக்கிக் கொடுத்துவிட்டார். வண்ணத்துக்கு ஏழு வாரம் ஆயிற்று. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். அதன்மேல் பச்சையில் திட்டுத்திட்டாக, பெரிதும் சிறிதுமாக, ஒன்றுக்குள் ஒன்று கலந்து, ஓரமே இல்லாமல் படரவேண்டும். எதிரி அப்படித்தான் பூசுகிறானாம், கீழே இருக்கும் காட்டோடு கலந்து தெரியாமல் போவதற்கு.

“தேமல் மாதிரி இருக்கணும்பா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியக் கூடாது” என்றார் ஊதாங்குழலார்.

கிட்டே வைத்து ஊதினால் குண்டாக விழுந்து வழிந்தது. எட்ட வைத்து ஊதினால் தூசியாகப் போயிற்று. குழம்பாகக் கரைத்தால் குழல் அடைத்தது. தண்ணியாகக் கரைத்தால் சிலந்திக் கால் மாதிரி நாலா பக்கமும் ஓடியது. ஒவ்வொரு ஊதலையும் முதலில் தன் முன்கையில் ஊதிப் பார்த்துக்கொண்டுதான் விமானத்துக்குப் போவார். ஆறு தடவை முடித்தார். ஆறு தடவையும் சுரண்டி எடுத்தார். ஓரம் தெரிகிறதாம். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. இதைவிட நல்லா வராது, விட்டுத்தொலையுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். இவரைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதற்கு எதிரியே வந்து குண்டு போட்டுவிட்டுப் போகலாம் என்று அந்த நாட்களில் மனமார நினைத்திருக்கிறேன்.

போதாக்குறைக்குச் சட்டதிட்டம் வேறு. எண்ணெய்ப் புகை வந்து படிகிறது என்று, ஆபீசுக்குப் பின்வீட்டில் யாரும் தாளிக்கக் கூடாது என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஈரத்தில் ஈ ஒட்டுகிறது என்று வாசலில் வேப்பிலை செருகினார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. வருகிறவர்கள் கால் கழுவிக்கொண்டு வரவேண்டும். விமானத்தை வெள்ளை வேட்டியில் படுக்கவைத்திருந்தார். அவர் முன்கை இரண்டிலும் திட்டுத்திட்டாகப் பச்சை. தாளிப்பு இல்லை, வாசலில் வேப்பிலை, உடம்பெல்லாம் புள்ளி. இதைப் பார்த்தால் நம் பக்கத்துப் பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? ஆபீஸ் பெருக்கும் அஞ்சலையும் அதைத்தான் நினைத்தாள்.

ஏழாம் தடவை தேமல் சரியாக வந்துவிட்டது. நானே அசந்துபோனேன். ஊதாங்குழலார் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “இதான்பா” என்றார். மறுநாள் காலையில் துரை வருகிறார்.

காலையில் இருவருமாக ஆபீசுக்குள் நுழைகிறோம். விமானம் முற்றத்து வெயிலில் நிற்கிறது. மேலே வேப்பிலை. மூக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் காலிக் குடத்தோடு அஞ்சலை, கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாள்.

“அய்யாவுக்கு அம்மா வாத்துக்கீது, யாருமே கேக்கலியே. உங்க தலையில நான் தண்ணி ஊத்த முடியுமா? அதுக்கும் உங்க கையிலேந்துதானே வந்துது. அதான் அது மேல ஊத்திட்டேன். இது மொதத் தண்ணிதான். இன்னும் ரெண்டு தண்ணி கீது” என்றாள்.

பச்சையில் கொஞ்சம் எண்ணெய் கலந்திருந்ததால் திட்டுகள் அப்படியே இருந்தன. அடியில் இருந்த சாம்பல் நிறம்தான் மஞ்சளைக் குடித்துவிட்டு, பொங்கல் பானை கழுத்து மாதிரி மங்கலமாக நின்றது. ஏழு வாரம், பதினோரு வருஷம், எல்லாம் ஒரு குடம் தண்ணீரில் போய்விட்டது. ஊதாங்குழலார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கத்தவில்லை. நல்ல மனசோடுதான் செய்தாய், போய் வேலையைப் பார் என்று அவளை அனுப்பிவிட்டார். அதற்குள் வாசலில் கார் சத்தம்.

துரை நேரே முற்றத்துக்கு வந்தார். விமானத்தை எடுத்தார், திருப்பினார், முகமெல்லாம் மலர்ந்தது. தாம் இதே யுத்தத்தில் பாலைவனப் பக்கம் இருந்தபோது தலைக்குமேல் வந்த எதிரி விமானம் இதேதான், மணல் மஞ்சளில் பச்சைத் திட்டு, அப்படியே உயிரோடு இருக்கிறது என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். அனுப்பிய படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஆளை இன்றே நிரந்தரமாக்குகிறேன் என்று சொல் என்றார். சொன்னேன்.

ஊதாங்குழலார் தமிழில் என்னிடம், இது தப்பு, மஞ்சத்தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சு, ஒரு வாரம் தவணை குடுத்தா சரியாப் பண்ணித் தரேன்னு சொல்லு என்றார்.

நான் துரையிடம், தன் நன்றிக்கு வார்த்தையே இல்லை என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

ஊதாங்குழலார் பாமரரா என்ன? பதினோரு வருஷம் ஆபீசில் பிரெஞ்சைக் காது கொடுத்துக் கேட்டவர். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். தப்பு என்பதற்குப் பிரெஞ்சில் ‘ஃபோ’ என்று ஒரு சொல். அவருக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அவர் வாயில் காற்று வந்த அளவுக்கு ‘ஃ’ வராது.

விமானத்தைக் காட்டி, ஐயா என்று அழைக்கும் பிரெஞ்சு மரியாதையோடு, “முசியே, போ” என்றார். துரைக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தமாக, “போ, முசியே, போ” என்றார்.

துரை நம் ஊருக்கு வந்து கற்ற தமிழ் மூன்றே வார்த்தை. வா, போ, தண்ணி. அவர் முகம் சிவந்ததை என்னவென்று சொல்ல! விமானத்தை வைத்தார், தொப்பியைப் போட்டார், போய்விட்டார். ஐயோ, அவர் சொன்னது பிரெஞ்சு ஐயா, பிரெஞ்சு என்று நான் காருக்குப் பின்னால் புழுதியில் ஓடினேன். யார் கேட்டார்கள்?

திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த முகூர்த்தத்தில் மாலையோடு நின்றிருக்கலாமே, படுபாவி என்றேன்.

அவர் அமைதியாகச் சொன்னார்: “இதைப் பாத்துக் கத்துக்கினவன் ஏரிக்கரையில நின்னா, நெசமா வர்றதைப் பாத்துட்டு நம்மளுதுன்னு வுட்டுடுவான்பா. கீழ ஊர் கீதுல்ல.”

மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்று கடிதம் வந்தது. அதையும் நானே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மிச்சம் இருந்த நாட்களில் எட்டாம் தடவையாக விமானத்தைச் சாம்பலும் பச்சையுமாக, ஓரம் தெரியாமல் முடித்து, காவல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, குழலை மடியில் செருகிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கே வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதாகக் கேள்வி.

யுத்தம் முடிகிறவரைக்கும் எங்கள் ஆட்கள் அந்த விமானத்தைப் பார்த்துப் பார்த்து வானத்தை அண்ணாந்துகொண்டே இருந்தார்கள். காக்கையும் கொக்கும் தவிர எதுவும் வரவில்லை. முடிந்த சேதி வந்த அன்று ஊரெல்லாம் சர்க்கரை வழங்கினார்கள். எனக்கும் ஒரு கை சர்க்கரை கிடைத்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு, சொன்னால் அடிக்க வருவீர்கள், ஒன்றே ஒன்றாவது வந்திருக்கக் கூடாதா அந்த மனுஷனுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.