ரோசிலி, நர்ஸ், குறவிலங்காடு

ஜெஸ்ஸி கோமாவுக்குப் போய்ப் பதினோரு வாரம் ஆகிவிட்டது. அவளை எழுப்பிவிடச் சொல்லி ஒரு ஆள்கூடக் கடிதம் போடவில்லை. அதுதான் வாகத்தானம் குரியச்சனின் கவலை.

அவர் 'புலரொளி' வாரப் பத்திரிகையில் முப்பது வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவர்; ஜெஸ்ஸி இப்போதைய கதையின் நாயகி. ஒரு காலத்தில் அவருடைய கதாநாயகிக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலே கோட்டயம் தபால்காரர்கள் முனகுவார்கள். ஒருத்தர் மணர்காட்டு மாதா கோயிலில் ஏற்றச் சொல்லி மெழுகுவர்த்தியே அனுப்பியிருந்தார். இப்போது சாயங்காலம் ஏழு மணி அடித்தால் ஊர் மொத்தமும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. குரியச்சனின் மனைவி லீலாம்மாவும் அதில் சேர்த்தி.

"இந்த வாரம் எத்தனை வந்திருக்கு?" என்று கேட்டார் குரியச்சன்.

பத்திரிகை அலுவலகத்தில் தபால் பிரிக்கும் திரேசியாம்மா நிமிராமலே சொன்னாள். "உங்களுக்கு மூணு சாரே. அதுல ஒண்ணு ஊறுகாய் கம்பெனி விளம்பரம்."

"பணிக்கருக்கு?"

"அவருக்கும் மூணுதான். ஒண்ணு விலாசம் மாறி வந்தது."

மீனடம் பாஸ்கரப் பணிக்கர் அதே பத்திரிகையின் இன்னொரு தொடர்கதைக்காரர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில், இருவருமே தத்தம் கதாநாயகியை மீனச்சிலாற்றில் குதிக்க வைத்தார்கள். யார் யாரைப் பார்த்து எழுதியது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அன்றிலிருந்து முகத்தில் முழிப்பது கிடையாது.

அன்று ஆசிரியர் மாத்துக்குட்டி இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஓணத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. அதுக்குள்ள யாருக்குக் கடிதம் குறைச்சலா வருதோ அவரோட கதை நின்னுடும். அந்தப் பக்கத்துல டி.வி. தொடரோட கதைச் சுருக்கம் போடணுமாம். முதலாளி உத்தரவு. என்னை முறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

குரியச்சனுக்கு அன்று கப்பைக்கிழங்கும் மீனும் இறங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கேயோ யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் அவருக்கு முப்பது வருடம் ஓடியது. அது போய்விட்டால் தான் வெறும் மீசை வைத்த கிழவன் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

ஆகவே தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டார். 'ஜெஸ்ஸியை நினைத்து மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. குரியச்சன் சார் ஒரு மேதை. இப்படிக்கு, கண்ணீருடன் ஒரு வாசகி.'

நாலாம் நாள் மாத்துக்குட்டி கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்தக் கடிதம் கிடந்தது.

"முப்பது வருஷமா உங்க கையெழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் நான் கண்ணாடி போட்டேன். எங்கிட்டயேவா?"

குரியச்சன் தரையைப் பார்த்தார். பிறகுதான் மேஜைமேல் இன்னொரு கடிதமும் கிடப்பதும், மூலை நாற்காலியில் பாஸ்கரப் பணிக்கர் உட்கார்ந்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருப்பதும் கண்ணில் பட்டது.

இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் குரியச்சனுக்கு அடக்க முடியவில்லை.

"நீங்க என்னன்னு எழுதினீங்க?"

"இலக்கிய வானின் சூரியன்னு," என்றார் பணிக்கர்.

"அடப்பாவி! நான் மேதையோட நிறுத்திக்கிட்டேன்."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு எதிரேயிருந்த சாயாக்கடையில் பால் விடாத கட்டன் காப்பியாகவும் பருப்பு வடையாகவும் தொடர்ந்தது.

"குரியச்சா, நாம அடிச்சுக்கிட்டு ஒருத்தன் போனா, அடுத்த ஓணத்துக்கு மிச்சம் இருக்கறவனும் போவான்," என்றார் பணிக்கர். "நம்ம சண்டையை வேடிக்கை பார்க்கக்கூட இப்போ ஆளில்ல."

"அதுக்கு?"

"என்னைப் புகழ்ந்து நீங்க எழுதுங்க. உங்களைப் புகழ்ந்து நான் எழுதறேன். இடது கையால. எண்ணிக்கை மட்டும் சரிசமமா இருக்கணும். ரெண்டு பேருக்கும் சமமா வந்தா யாரை நிறுத்துவாங்க?"

அப்படித்தான் 'ரோசிலி, நர்ஸ், குறவிலங்காடு' பிறந்தாள். குரியச்சன் இடது கையால் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு பக்கம் எழுதினார். தபால் முத்திரை சரியாக இருக்க வேண்டும் என்று பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்துக் குறவிலங்காட்டிலேயே பெட்டியில் போடச் சொன்னார். பக்கம் முழுக்கப் பணிக்கரைத் தூக்கிவைத்து ஆடியிருந்தார். ஆனால் பதினெட்டு வருட அரிப்பு சும்மா விடுமா? கடைசியில் ஒரே ஒரு வரி தானாக வந்து விழுந்துவிட்டது. 'ஆனாலும் கதாநாயகன் வாரம் தவறாமல் குடை பிடித்துக்கொண்டு அழுவது கொஞ்சம் அதிகம்.'

கடைசிப் பக்கத்துக் கடிதப் பகுதியில் இடம் போதவில்லை என்று மாத்துக்குட்டி வெட்டினார். அச்சில் வந்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்த வாரமே 'பாப்பச்சன், லாரி டிரைவர், முண்டக்கயம்' என்ற பெயரில் பணிக்கர் எழுதியிருந்தார். 'ஜெஸ்ஸிக்காக நான் லாரியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். ஆண்பிள்ளை அழுவதைக் கேலி செய்யும் குறவிலங்காட்டு நர்ஸுக்கு ஊசி போடக் கை இருக்கிறது. மனசு இல்லை.'

"எனக்கா மனசு இல்ல?" என்று கத்தினார் குரியச்சன்.

"யாரு சொன்னா?" என்றாள் லீலாம்மா அடுப்படியிலிருந்து.

"ஒரு லாரி டிரைவர்!"

"லாரிக்காரன்கிட்டல்லாம் எதுக்குங்க வம்பு?"

ரோசிலி பதில் கொடுத்தாள். கண்ணீரோடு லாரி ஓட்டுகிறவர்களால்தான் தன் ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை என்றாள். பாப்பச்சன் அதற்கும் சொன்னார். மூன்று வாரம் இப்படியே போனதும் குரியச்சனுக்குப் பயம் வந்துவிட்டது. சண்டையில் நாவல்களைப் புகழவே இருவரும் மறந்துபோயிருந்தார்கள். சமாதானம் பேசிவிடலாம் என்று இடது கையை எடுத்தார்.

'மன்னியுங்கள், பாப்பச்சன் சேட்டா. எத்தனையோ பேருடைய கடைசி நேரத்தில் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு அழ அனுமதி இல்லை. அதனால் அழுகிறவர்களைக் கண்டால் பொறாமை.' எழுதி முடித்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று அவரே கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்திருந்தது. 'மன்னிப்பெல்லாம் வேண்டாம், சிஸ்டர். மனைவி போய் ஆறு வருஷம். லாரியில் என்னோடு பேச ரேடியோவும் இந்தப் பத்திரிகையும்தான். சண்டைக்காவது ஒரு ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.'

குரியச்சன் பத்திரிகையை மடித்து வைத்தார். பணிக்கரின் மனைவி சௌதாமினி போய் ஆறு வருடம். சாவுக்குக் கோட்டயமே போயிருந்தது, அவரைத் தவிர. ஆற்றில் விழுந்த கதாநாயகிக்காக அவர் அன்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

நேரில் போய்ச் சொல்ல நாக்கு எழவில்லை. ரோசிலியிடம் கொடுத்துவிட்டார். 'அந்த நாளில் வந்து ஒரு வார்த்தை கேட்காதவர்களை மன்னித்துவிடுங்கள், சேட்டா. வராததற்குக் காரணம் கோபம் இல்லை, வறட்டு வீம்புதான். மலைப்பாதையில் மெதுவாகப் போங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.'

அந்தக் காகிதம்தான் லீலாம்மாவின் கையில் சிக்கியது.

"யாருங்க இந்த ரோசிலி?"

"நான்தான்."

"பாப்பச்சன்?"

"நம்ம பணிக்கர்."

லீலாம்மா அவர் மீசையைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மறுபடியும் மீசையைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு கடுதாசி எழுதியிருக்கீங்களா?"

அன்று குரியச்சன் பாத்திரம் கழுவிக் கொடுத்தும் அவள் சமாதானமாகவில்லை.

ஆனால் அதற்கப்புறம் காற்று திசை மாறியது. ஒவ்வொரு வாரமும் கடிதங்கள் கட்டுக் கட்டாக வருவதாக மாத்துக்குட்டி போனில் சொன்னார். குரியச்சன் உற்சாகத்தில் ஜெஸ்ஸியைக் கோமாவிலிருந்து எழுப்பிவிட்டார். சங்கனாச்சேரி பஸ்ஸில் ஒரு அம்மா 'புலரொளி'யின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவரே பார்த்தார். நாவலை முதலிலேயே முடித்துவிட்டிருப்பாள் என்று எண்ணி, இறங்கும்வரை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஆசிரியர் அறைக்கு இருவரும் புதுச் சட்டையில் வந்தார்கள்.

"ரெண்டு மூட்டை கடிதம்! இருபது வருஷத்துல பார்த்ததில்ல," என்றார் மாத்துக்குட்டி. "ரெண்டு கதையும் ஓடட்டும், டி.வி. சுருக்கம் எதுவும் வேண்டாம்னுட்டார் முதலாளி."

படியில் பணிக்கர் அவர் தோளில் கையைப் போட்டார். "குரியச்சா, அந்தக் கடைசிக் கடுதாசி..." என்று தொடங்கி நிறுத்தினார். குரியச்சன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. குடை எதுவும் கையில் இல்லை.

"வாங்க, ஜெஸ்ஸி எழுந்ததுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு பார்ப்போம்," என்று குரியச்சன் கீழே தபால் மேஜைக்குப் போய் மூட்டையின் கட்டை அவிழ்க்கக் கை வைத்தார்.

"ஐயோ சாரே, அதைத் தொடாதீங்க!" திரேசியாம்மா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க ரெண்டு பேரோடதும் அங்க தனியா எடுத்து வச்சிருக்கேன்."

மேஜை ஓரத்தில் மூன்றும் மூன்றும் ஆறு கடிதங்கள் இருந்தன. மேலாக இருந்தது ஊறுகாய் கம்பெனியுடையது.

"அப்போ இந்த மூட்டை ரெண்டும்?" என்றார் பணிக்கர்.

"ரோசிலி சேச்சிக்கும் பாப்பச்சன் சேட்டனுக்கும் கல்யாணம் எப்போன்னு கேட்டு வந்தது சாரே. எங்க வீட்லகூட ஏழு மணிக்கு டி.வி.யை அணைச்சிட்டு இதைத்தான் சத்தமாப் படிக்கிறோம். நீங்களும் அவங்களைப் பார்த்து இந்த மாதிரி எழுதக் கத்துக்கக் கூடாதா?"