ஆறாவது காரில் பெரியம்மா

அன்பும் மரியாதையும் குறையாத பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் எழுதுவது.

நீங்கள் ஓடிப்போனீர்கள். முழங்கால் வலி என்பது பொய்.

இதற்கு முன்னால் நலம் விசாரித்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது அக்கா வழியாகத் தெரிந்துவிட்டதால் அந்த வரியை மிச்சம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எப்போது போன் செய்தாலும் அக்கா "அப்பா குளிக்கிறார்டி" என்கிறாள். ஒரு மனிதர் மூன்று நாளாகக் குளித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் முழங்கால் வலியோடு. நேற்று அவள் அப்படிச் சொல்லும்போதே பின்னால் கார் சத்தம் கேட்டது. அந்தப் புதுப் பந்தயத் தொடரை டிவியில் மறுபடி போட்டிருந்தார்கள். நீங்கள் நடத்துகிற நம் பந்தயத் தொடரில் கார் விட்டுக்கொண்டிருந்த பெரிய முதலாளிகளை எல்லாம் கொத்தாக அள்ளிக்கொண்டு போனவர்களின் பந்தயத்தை உட்கார்ந்து பார்க்கிறீர்கள், நம்முடையதைப் பார்க்க மட்டும் உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது. அக்கா வீட்டில் குளியலறைக்குள்ளேயே டிவி வைத்திருக்கிறார்களா? எப்படியோ போகட்டும். போனை அணைக்கலாம். கடிதம் குளியலறைக் கதவுக்கு அடியிலும் நுழையும். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். கடைசிப் பந்தயம். ஆறு காராவது கிளம்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் நம் தொடருக்குத் தேதி கிடையாது, இடத்தைக் கார் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று டிராக் மேனேஜர் சொல்லியிருந்தார். எதற்கு வாடகைக்கு? விற்காத புதுக் கார்களை நிறுத்திவைக்க! கார் ஓடுகிற இடத்தில் இனிமேல் வாங்க ஆளில்லாத கார்கள் பாலித்தீன் உறை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்குமாம். நீங்கள் வந்தீர்கள், டயர் மாற்றும் பிட்டில் நின்ற கார்களை எண்ணினீர்கள், பிறகு அந்தக் கோடிக்கு நடந்து போய் அங்கிருந்து ஒருமுறை எண்ணினீர்கள். ஐந்து கார்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஐந்துதான் பெரியப்பா. "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பார்க்கிங் பக்கம் போனீர்கள். உங்கள் நடையில் முழங்கால் வலி எதுவும் தெரியவில்லை. ஏறக்குறைய ஓட்டம்.

இந்த நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்தது பெரிய முதலாளிகள் மட்டும் இல்லை, நீங்களும்தான். அவர்கள் போனார்கள், சரி. ஏசி போட்ட அறை வேண்டும், டிவி வேண்டும், காலில் மண் ஒட்டக் கூடாது. போகும்போது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நிழலுக்குப் போட்டிருந்த கூடாரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக நாள் முழுக்க வெயிலில் கொடி பிடித்து நின்றவர்களுக்கு என்ன மிஞ்சியது? ஒரு தொப்பி. அதிலும் விட்டுப் போன கம்பெனியின் பெயர். டயர் மாற்றும்போது நகம் பிய்ந்துபோனவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கோப்பையைத் தூக்கிப் பிடித்தவர் மட்டும் பேப்பரில் வந்தார். இதையெல்லாம் நீங்கள் வெளியில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? கார் குறையக் குறையப் பிரிவுகளைக் கூட்டினீர்கள். ஐந்து காருக்கு நாலு பிரிவு! மூன்று பிரிவில் ஆளுக்கொரு கார், எல்லோருக்கும் முதல் பரிசு. நாலாவது பிரிவில் மட்டும் இரண்டு கார் இருந்ததால் போன பந்தயத்தில் ஒரே ஒருத்தர்தான் இரண்டாவது வந்தார், நம் பல் டாக்டர். ஊரே ஜெயித்த நாளில் தான் மட்டும் தோற்றுவிட்டோமே என்று மனுஷன் உடைந்துபோய்விட்டார். "வளர்ச்சி" என்று மைக்கில் பேசினீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கைதட்டினேன், வேறென்ன செய்வது?

நீங்கள் போன பிறகு, பட்டறை மூலையில் போர்த்தியிருந்த உங்கள் பழைய சிவப்புக் காரை நானும் வெல்டர் அண்ணனும் கட்டி இழுத்து வந்தோம். மூன்றாவது கியர் நிற்காது, இடது கதவைக் கயிறு போட்டுத்தான் சாத்த வேண்டும். ஆனால் இன்ஜின் முதல் தட்டலிலேயே எழுந்தது, நீங்கள் போனதை யாரும் அதனிடம் சொல்லவில்லை போல. கார் ஆறு ஆயிற்று, ஓட்ட ஆளில்லை. எனக்குப் பந்தய லைசென்ஸ் கிடையாது. "அடுத்த வருஷம் எடுத்துத் தரேன்" என்று நீங்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருப்பதால் கிடையாது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா எல்லோருக்கும் சாப்பாட்டுக் கூடையோடு வேனில் வந்து இறங்கினார்.

"ஏன்டி எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? அவரு எங்க?"

"முழங்கால் வலியாம். போயிட்டாரு."

பெரியம்மா கூடையைக் கீழே வைத்தார். "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா?

லைசென்ஸ் உள்ள ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பரிசோதனை அதிகாரி கம்ப்யூட்டரில் நம் தொடரின் பெயரைப் போட்டுத் தேடினார். தேடியவர் நிமிர்ந்து, பெரியம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்க பேர்ல ஒண்ணு இருக்கே" என்றார். எப்போதோ பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்தப் பார்த்து ஆள் சேராமல் கைவிட்டீர்களே, அப்போது எடுத்தது. அதற்குப் பிறகு வருடாவருடம் யாரிடமும் சொல்லாமல் புதுப்பித்திருக்கிறீர்கள்.

"கல்யாண நாளு ஒரு வருஷமும் ஞாபகம் இருந்ததில்ல. இத மட்டும் விடாம செஞ்சிருக்காரா மனுஷன்?" என்றார் பெரியம்மா. திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஏன் புதுப்பித்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பந்தய உடையைத்தான் போட்டுவிட்டோம். கையை மடித்து, காலை மடித்து, இடுப்பில் டேப் ஒட்டி. "இத எத்தனை தடவ தோச்சிருக்கேன், இன்னிக்குத்தான்டி உள்ள போறேன்" என்றாங்க. கொண்டையை அவிழ்த்த பிறகுதான் ஹெல்மெட் இறங்கியது. பட்டறை வேனை இத்தனை வருஷமா ஓட்டுறவங்க, ஓட்டத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா கார்ல உக்காந்ததும் முதல் கேள்வி, "ஹாரன் எங்கடி இருக்கு?" ஹாரன் கிடையாது என்றேன். "அப்புறம் எப்படி வழி கேக்கறது?" ஒரு காருக்கு ரெண்டு டிரைவர் வேணும்கிற விதிக்கு, ரெண்டாவது ஆள் யாருன்னு அதிகாரி கேட்டார். பெரியம்மா ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே உங்க பேரைச் சொன்னாங்க. "ஆள் எங்கே?" "வருவார்." அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

கோட்டைத் தாண்டி ஒரே ஒரு சுற்று, உடனே உள்ளே வந்துடணும். இதுதான் பேச்சு. கொடி இறங்கியது, ஐந்து காரும் பறந்தது, கடைசியாக நம்ம சிவப்புக் கார் கோட்டைத் தாண்டியது. தாண்டி, முதல் வளைவில் கையை வெளியே நீட்டி வலது பக்கம் திரும்பப் போவதாக சிக்னல் காட்டியது. ஒவ்வொரு வளைவிலும் காட்டியது. கேலரியில் இருந்த நாற்பது பேரும் எழுந்து நின்னாங்க பெரியப்பா. சுற்று முடிஞ்சதும் ரேடியோவில், "பெரியம்மா, உள்ள வாங்க" என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தான போகுது."

நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ரேடியோ அலைவரிசை. அவங்க பேசினது எல்லா காருக்குள்ளயும் கேட்டது. பல் டாக்டர் பக்கத்தில் உரசிக்கொண்டு போனதும், "டாக்டர் தம்பி, என்ன அவசரம்? கிளினிக்ல யாரையாவது வாயத் திறந்தபடி விட்டுட்டு வந்திருக்கியா?" என்றாங்க. "சாரிம்மா" என்றார் டாக்டர். அடுத்த சுற்றில் நிஜமாகவே ஒதுங்கிப் போனார். அவர் கதை தனிக் கதை. டிரைவர் பஞ்சத்தில் நீலக் காருக்கும் மஞ்சள் காருக்கும் சேர்த்து அவரும் பேக்கரிக்காரரும்தான் டிரைவர்கள். பாதியில் காரை மாற்றிக்கொண்டார்கள். முதல் பாதியில் டாக்டர் நீலக் காரில் ஒரு சுற்று முன்னால் போய்விட்டார், இரண்டாவது பாதியில் மஞ்சள் காரில் உட்கார்ந்து தான் சம்பாதித்த அந்த ஒரு சுற்றைத் தானே துரத்தினார். கடைசியில் பிடித்தும் விட்டார். முதல் பரிசும் அவர்கள் ரெண்டு பேருக்கு, இரண்டாம் பரிசும் அதே ரெண்டு பேருக்கு. மேடையில் ஆளுக்கு ஒரு கால் மேல் படியிலும் ஒரு கால் கீழ்ப் படியிலுமாக நின்று, ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்தும் ஆறுதலும் சொல்லிக்கொண்டார்கள். இதுதான் நம்ம பந்தயத் தொடர். இதைப் பார்க்கக் கூசித்தான் நீங்க ஓடினீங்க, எனக்குத் தெரியாதா?

நடுவில் ஒருமுறை பெரியம்மா மெதுவா, "இப்பத்தான் புரியுதுடி" என்றாங்க.

"என்ன பெரியம்மா?"

"உங்க பெரியப்பா வீட்ல ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறார்னு. இதுக்குள்ள உக்காந்துட்டா பேசறதுக்கு ஆளே வேணாம் போல இருக்கு. நாந்தான் இத்தனை வருஷமா எம்மேல என்னவோ கோபம்னு நெனச்சிட்டிருந்தேன்."

அடுத்த வளைவிலும் கை காட்டித்தான் திரும்பினாங்க. 

பாதி நேரம் ஆனதும் தானாகவே பிட்டுக்குள் வந்தாங்க. விதிப்படி டிரைவர் மாறணும். கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்து இறங்கினாங்க, ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வெச்சாங்க, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தது. மற்ற கார்கள் வந்து, டயர் மாத்தி, ஆள் மாறி, கிளம்பிப் போயிடுச்சு. இவங்க பார்க்கிங் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாங்க. "பெரியம்மா, அவரு அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு, வர மாட்டாரு" என்றேன். "தெரியும்டி. நான் மாறணும்ல, அதான் எறங்கினேன். விதிய நான் மதிச்சிட்டேன்" என்றாங்க. அதுக்கு மேலயும் கொஞ்ச நேரம் நின்னாங்க. வெல்டர் அண்ணன் ஒரு ஓரமாப் போய் எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் பெரியம்மா திரும்ப ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, மீதி நேரத்தையும் தானே ஓட்டி முடிச்சாங்க, கை காட்டிக்கிட்டே. டிரைவர் மாறாததால முடிவுப் பட்டியலில் சிவப்புக் கார் கிடையாது. கிளம்பின கார் ஆறு என்பது மட்டும் இருக்கு.

மேனேஜர் எல்லாத்தையும் மாடியிலிருந்து பார்த்தார். இறங்கி வந்து, "ஆறு கெளம்பிச்சு, நான் இல்லேங்கல. ஆனா நடத்துறவர் வாயால கேக்கணும். அடுத்த வருஷம் உண்டா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லு. அதுக்கு மேல என்னால கம்பெனிக்காரன நிறுத்தி வைக்க முடியாது" என்றார்.

ஆகவே பெரியப்பா, யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். மூடிவிடுங்கள். நாங்கள் இழுத்துக்கட்டிக் கிளப்பினோம் என்பதற்காக நீங்கள் மறுபடி மைக் பிடித்து "வளர்ச்சி" என்று பேச வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். கொடி பிடித்தவர்கள், டயர் மாற்றியவர்கள், டாக்டர், பேக்கரிக்காரர் எல்லோரையும் நிற்கவைத்து, முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தோற்றால் யாரும் உங்களை அடிக்கப் போவதில்லை. சொல்லாமல் போவதுதான் அந்த முதலாளிகள் செய்தது. நீங்களும் அதையே செய்தால் உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? உங்களிடம் கூடாரம்கூட இல்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு. அக்காவின் குட்டிக்கு முத்தம், கன்னத்தில் ஒன்று போதும், அவளுக்குப் பிடிக்காது. உங்களுக்கு வணக்கமும், வலிக்கிற காலுக்கு, அது எந்தக் காலாக இருந்தாலும், சீக்கிரம் குணமாகட்டும் என்ற வேண்டுதலும்.

உங்கள் தம்பி மகள்,
பட்டறையிலிருந்து.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெரியம்மா வந்தாங்க. என்னடி எழுதறே என்றாங்க, மூடச் சொல்லி எழுதியிருக்கேன் என்றேன். "அடிப்பாவி, நான் இப்பத்தான் மேனேஜர்கிட்ட நடக்கும்னு சொல்லிட்டு வரேன்" என்றாங்க. நடத்துறவர் வாயால கேக்கணும்னு அவர் சொன்னதுக்கு, "ஞாயித்துக்கெழம காலை வரைக்கும் அவர். மீதிய நடத்தினது நான்" என்றாங்களாம். மேனேஜர் அடுத்த வருஷத் தேதியை எழுதிக் கொடுத்துட்டாராம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். மூன்றாவது கியரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அடுத்த வருஷமும் முதல் பாதி தனக்குத்தான் வேண்டுமாம் பெரியம்மாவுக்கு, விட்டுக்கொடுக்க மாட்டாங்களாம். இரண்டாவது பாதிக்குப் பெயர் எழுத வேண்டும். நீங்கள் வருகிறீர்களா, இல்லையா? குளித்தது போதும், பதில் சொல்லுங்கள்.