பூசணி இலையும் மச்சான் கம்பெனிச் சாம்பலும்

எண்ணூரில் வாழ்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதன்மேல் என்ன தூசி படிந்தாலும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நிமிர்ந்து ஏதாவது ஒரு புகைபோக்கியைத் திட்டினால் போதும். நான் திட்டிய அந்த ஒரு தடவை மட்டும் தப்பாகப் போய், மானம் கப்பலேறியது.

என் மனைவி கலாவின் அண்ணன், எங்கள் ஊரிலேயே புகை கக்கும் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். மணலி புதுநகரில் புது வீடு கட்டி முடித்திருந்தார். கிரகப்பிரவேசப் பேச்சு வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"திருஷ்டி பூசணி என் பொறுப்பு மச்சான். கடையில வாங்காதே. நம்ம மாடில காய்ச்சது, இம்மாம் பெருசு கொண்டாரேன்" என்று இரண்டு கைகளையும் விரித்தேன். (அப்போது கொடியில் பூகூட விடவில்லை.)

பழைய நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, ஒரு கொடிக்கே போதாத மண்ணில் ஆறு விதைகளை ஊன்றியிருந்தேன். போட்டி இருந்தால் நன்றாக வளரும் என்பது என் கொள்கை. காற்று நுழைய இடமில்லாமல் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒரு நாள் காலையில் பார்த்தால், இலையெல்லாம் வட்ட வட்டமாக வெள்ளை மாவு.

உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மச்சான், உங்க கம்பெனி சாம்பல் பூரா என் பூசணி மேலதான் கொட்டணுமா?"

"மாப்ள, நான் டூட்டில கீறேன்."

"அந்த பாய்லரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையேன். உன் வூட்டு பூசணிதானே, காய்க்கட்டும்!"

போன் வைக்கப்பட்டது. குற்றவாளி ஓடிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் ஈரத் துணியோடு மாடிக்குப் போய் இலை இலையாகத் துடைத்தேன். வெள்ளை படிந்த இலையைத் துடைத்த அதே துணியால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பச்சை இலையையும் துடைத்தேன். மறுநாள் அதுவும் வெள்ளை. ஆத்திரத்தில் சொந்தக்காரர்களிடமெல்லாம் மச்சான் கம்பெனியைப் பற்றிப் புலம்பினேன். அண்ணனைச் சொன்னால் கலா பொறுப்பாளா? துணி உலர்த்த வந்தவள் பக்கெட்டை நங்கென்று வைத்தாள்.

"இந்தக் கொடித் துணில சாம்பல் கீதா?"

"இல்ல."

"தண்ணி டேங்க் மேல?"

"இல்ல."

"பக்கத்துல கீற கறிவேப்பிலைல?"

"பச்சையாத்தான் கீது."

"அப்போ எங்கண்ணன் கம்பெனி சாம்பல் உங்க பூசணிய மட்டும் அட்ரஸ் விசாரிச்சுக்கினு வந்து வுழுதா?"

இலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு நர்சரிக்குப் போனேன். அது பூஞ்சை, நெருக்கி நட்டதால் வந்தது, நான் துடைத்ததால் பரவியது என்றார்கள். (அதாவது, நோயை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நானே.) ஒரு கொடியை மட்டும் விட்டுவைத்து, அதிலும் கெட்ட இலைகளை வெட்டி, புளித்த மோரில் தண்ணீர் கலந்து காலையில் தெளிக்கச் சொன்னார்கள். செய்தேன். புது இலை சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் முகூர்த்த நாள் பூசணிக்காகக் காத்திருக்குமா?

விசேஷத்தன்று வாசலில் சொந்தபந்தம் அத்தனையும் நின்றது. நான் அத்தனை பேசியும் என் வாக்கை நம்பி மச்சான் வேறு பூசணி வாங்கவில்லை. பையிலிருந்து மாதுளம்பழ அளவுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மேலே கற்பூரம் வைத்ததும் காய் கண்ணுக்குத் தெரியவில்லை. மச்சான் சுற்றி, ஓங்கிப் போட்டார். அது கட்டட மணலில் பொத்தென்று விழுந்து, உடையாமல் உட்கார்ந்துகொண்டது. மறுபடி போட்டார்; உருண்டு ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் ஆட்டோக்காரர் வண்டியைப் பின்னால் எடுத்து, எங்கள் குடும்பத்துத் திருஷ்டியைக் கழித்துக் கொடுத்தார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுக்கோ மச்சான், உன்னை அநியாயமா பேசிட்டேன்" என்றேன்.

"வுடு மாப்ள. நாளைக்கு உனுக்கு சளி புடிச்சாலும் எங்க பாய்லர்தான்" என்றார். கூட்டமே சிரித்தது. அவர் வாய்முகூர்த்தம் அப்படியே பலித்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது பால் பொங்கினாலும் பாய்லர், கரண்ட் போனாலும் பாய்லர். போன வாரம் மீசையில் எட்டிப் பார்த்த நரையைக் கண்ணாடி முன் நின்று யாருக்கும் தெரியாமல் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் என் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, மாமாவுக்குப் போன் போடு. பாய்லரை நிறுத்தச் சொல்லு. அப்பா மேலயும் சாம்பல் படிய ஆரம்பிச்சிட்ச்சி!"