எழுநூற்று எண்பது அடி

உயிரே போனாலும் இன்று வாயைத் திறப்பதில்லை என்று தராசு முடிவு செய்துவிட்டார்.

தராசு என்பது தெரு வைத்த பெயர். கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மனைவியோ சின்ன விமானத்தில் மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் ஆகாயத்தில் பறப்பாள். இவருக்கு ஏணி என்றாலே தொடை நடுங்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கத்தான் அவளுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளை ட்ரோன் வாங்கி, பழைய துணிப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார். அதன் பக்கவாட்டில் எடைச் சீட்டும் ஒட்டியாயிற்று: 635 கிராம்.

தொட்டியோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீட்டு மேல சரியா எண்ணூறு அடியில போறேன்" என்று அவள் அடிக்கடி சொல்வாள். அந்தச் 'சரியா' அவரை ஒரு மாதமாக அரித்தது. இன்று காலை ட்ரோனை ஏற்றி, கையிலிருந்த இயக்குகருவியின் திரையைப் பார்த்து அளந்தே விட்டார். விமானம் சடாரென்று சாய்ந்து விலகியதும்தான், எவ்வளவு கிட்டே போய் அளந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

சாயங்காலம் மனைவி ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இதை எழுதிக் குடுங்க. காலையில ஒரு ட்ரோன் என் விமானத்தை இடிக்கப் பாத்துச்சு."

"பருந்தா இருக்கும்மா."

"மேலதிகாரியும் அதேதான் சொல்றார். கூட வந்த மாணவி பயத்துல கண்ணை மூடிட்டா. பார்த்தது நான் ஒருத்திதான். பருந்தைப் பார்த்து மிரண்டுட்டேன்னு நாளையிலேருந்து என்னைப் பறக்க விடமாட்டாங்களாம்."

தராசின் நெஞ்சில் ஏதோ கனத்தது. எத்தனை கிராம் என்று சொல்லத் தெரியவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"நேரம், ஒன்பதே கால்."

ஒன்பது பன்னிரண்டு. ஆனாலும் ஒன்பதே கால் என்று எழுதினார். வியர்த்தது.

"நிறம், சாம்பல்."

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினார்.

"எடை ஒரு அஞ்சு கிலோ போடுங்க."

"அஞ்சு கிலோவா?"

"சரி, நாலு."

அவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"உயரம், எண்ணூறு அடி. சரியா எண்ணூறு."

"எழுநூத்தி எண்பது!"

"யாரு சொன்னா?"

"திரையிலயே காட்டுச்சே! ஒரு மாசமா இருபது அடி கூட்டிச் சொல்லிட்டு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

அவள் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து வைத்தாள். நேரம், நிறம் எல்லாம் அதில் சரியாக இருந்தன.

"கிட்டே வந்தப்பவே பார்த்துட்டேன். எடைச் சீட்டு ஒட்டின ட்ரோன் ஊருல எத்தனை இருக்கும்? சாட்சி மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. உயரத்தை எழுதி, ஓட்டினவர்ங்கிற இடத்துல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அப்புறம் அரைமணி நேரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கணக்குப்படி முப்பத்திரண்டு நிமிடம்.

மறுநாள் அவள் வழக்கம்போலப் பறந்தாள். ட்ரோன் மேலதிகாரியின் அலமாரிக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏணி சுவரில் சாய்ந்து நின்றது.

"ஏறுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"முடியாது. இந்த விஷயத்துல என்னை யாரும் அசைக்க முடியாது."

"சரி, விடுங்க. பதினாறு படிதானே, நானே ஏறிக்கறேன்."

"பதினாறா? பதினேழு!"

"பதினாறுதாங்க. நான் எண்ணியிருக்கேன்."

"எண்ணிக் காட்டறேன் பாரு!"

பதினேழாவது படியில் வெற்றியோடு நின்று, தராசு கீழே பார்த்தார். தொடை நடுங்கத் தொடங்கியது.

"ஆமாங்க, பதினேழுதான்" என்றாள் மனைவி. "அப்படியே தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னும் பார்த்துச் சொல்லிடுங்க."